ஏழாவது துணி

ஃபிரிஸ்கோவில் எங்கள் அபார்ட்மென்ட்டுக்கு எதிர் வீட்டில் ஜாவாவிலிருந்து வந்த பெண் ஒருத்தி இருந்தாள். காலிங் கார்டு வாங்கி ஊருக்குப் பேசிய காலம் அது. இரண்டாயிரத்து ஐந்து இருக்கும். நாங்கள் இருவரும் கணவனின் வேலையை ஒட்டிய விசாவில் வந்தவர்கள். வேலைக்குப் போக அனுமதி கிடையாது. கார் ஓட்டவும் தெரியாது. அந்த ஊரில் கார் ஓட்டத் தெரியாதவளுக்கு வாசற்படியோடு உலகம் முடிந்துவிடும். எதிர் வீட்டுக்குப் போவதுதான் எனக்கு வெளியூர்ப் பயணம்.

ஒரு மத்தியானம் அவள் கட்டிலில் சூட்கேஸைத் திறந்து வைத்து, தன் துணிகளைக் காட்டினாள். அதுவரை பாத்திக் என்றால் எனக்கு நைட்டிதான். சென்னையில் நடைபாதையில் குவித்து விற்பார்களே, இரண்டு துவைப்பில் வெளுத்துப்போகுமே, அது. இவள் எடுத்து விரித்தது வேறு ஜாதி. பழுப்பும் கருநீலமுமாக, உருக்கிய மெழுகால் கையாலேயே கோடு கோடாக வரைந்து, சாயத்தில் முக்கி எடுத்தது. மூக்கருகே வைத்தால் லேசாக மெழுகு வாசனை வந்தது. ஒன்றில் சாய்வாக அலை அலையாகக் கோலம். இன்னொன்றில் நுங்கைக் குறுக்கே வெட்டி வரிசையாக அடுக்கிய மாதிரி. வேறொன்றில் முழுக்கச் சிறகுகள். திருப்பிப் பார்த்தேன், பின்பக்கமும் முன்பக்கம் போலவே இருந்தது. பொறாமையாக இருந்தது என்பதை மறைப்பானேன்.

அடியில் மடித்திருந்த கடைசித் துணியை மட்டும் அவள் விரிக்கவில்லை, மடியில் வைத்துக்கொண்டாள். தறியில் நெய்த முரட்டுப் பருத்தி, மங்கிய கோடுகள். நம் ஊர்க் கைலியேதான். இவளை வயிற்றில் சுமந்தபோது இவள் அம்மா கட்டிய துணியாம், தபாலில் வந்ததாம்.

அவளுக்கு அப்போது ஏழாம் மாதம். அவர்கள் ஊரில் ஏழாம் மாதம் ஒரு சடங்கு உண்டு. வயிற்றுப் பிள்ளைக்காரியை நிற்க வைத்து ஏழு துணிகளை ஒவ்வொன்றாகச் சுற்ற வேண்டும். ஒவ்வொன்றுக்கும் "பொருந்துகிறதா?" என்று கேட்பார்கள். சுற்றி நிற்கும் பெரிய பெண்கள் ஆறு முறை "டுருங்" என்பார்கள், அதாவது இன்னும் இல்லை. ஏழாவதாக வருவது இருப்பதிலேயே எளிய துணி. அதற்குத்தான் எல்லோரும் சேர்ந்து "பந்தஸ்", பொருந்துகிறது என்று சொல்ல வேண்டும். அம்மா பக்கத்தில் இருந்து நடத்த வேண்டிய காரியம். அம்மாவுக்கு விசா மறுத்துவிட்டார்கள்.

"அம்மா போனில் கேட்டுக்கொண்டிருப்பார். அந்த வார்த்தை அவர் காதில் விழுந்தால் போதும். பெரியவர்கள் யாராவது கிடைப்பார்களா?" என்று கேட்டாள்.

பெரியவர்களுக்கா பஞ்சம்? பிள்ளைகளைப் பார்க்க விசிட்டர் விசாவில் வந்து, வாக்கிங் போவதைத் தவிர வேறு வேலையில்லாத ஆண்ட்டிகள் மூன்று பேர் எங்கள் காம்ப்ளெக்ஸிலேயே இருந்தார்கள். அவர்களை உட்காரவைத்து விஷயத்தைச் சொன்னேன். மாயவரத்து ஆண்ட்டி கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

"ஐயையோ, மாசமா இருக்கற பொண்ணப் பாத்து நல்லால்லேன்னு சொல்றதா? நம்ம வாயால அப்படி வரலாமாடி?"

"ஆண்ட்டி, அது அவங்க வழக்கம். ஆறு தடவ டுருங், கடைசில பந்தஸ். அவ்ளோதான். ப்ளீஸ்."

"சரி சரி, பாத்துக்கலாம் விடு."

இந்தப் 'பாத்துக்கலாம்' என்ற சொல்லை நம்பியவர்கள் உருப்பட்டதில்லை. ஆனாலும் நம்பினேன், வேறு வழி?

சனிக்கிழமை காலை. ஜாவாவில் இரவு. ஸ்பீக்கர் போனைச் சோபாவின் கைப்பிடியில் வைத்திருந்தாள். நான் முதல் துணியைச் சுற்றிவிட்டேன். போனில் அம்மா ஏதோ கேட்டார். ஆண்ட்டிகள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"பந்தஸ்!" என்றார் மாயவரத்து ஆண்ட்டி. மற்ற இருவரும் கையைத் தட்டி, "பந்தஸ், பந்தஸ்!"

போனில் அம்மா சிரித்தார். இவளும் சிரித்தாள். "ஆண்ட்டி, டுருங்!" என்று பல்லைக் கடித்தேன்.

"மனசு வரலடி. எவ்ளோ லட்சணமா இருக்கு பாரு!"

இரண்டாவதற்கும் பந்தஸ். மூன்றாவதற்கும் அதேதான். நான் கண்ணைக் காட்டினேன், தலையை ஆட்டினேன், காலைக்கூட மிதித்தேன். ஒன்றும் பலிக்கவில்லை. இவள் சிரிப்பை நிறுத்தியிருந்தாள். காலடியில் துணிகள் குவிய, போனிலிருந்து வந்த குரலில் குழப்பம் ஏறிக்கொண்டே போனது. ஆனாலும் கடைசியில் எப்படியும் அந்த நல்ல வார்த்தை வரத்தானே போகிறது என்று மனதைத் தேற்றிக்கொண்டேன். அதைச் சொல்லத்தான் இவர்கள் துடிக்கிறார்களே.

ஏழாவதாக அந்தக் கோடு போட்ட துணியைச் சுற்றினேன். அவள் வயிற்றின் மேல் கையை வைத்துக்கொண்டு நிமிர்ந்து நின்றாள். அம்மா கேட்டார்.

 சீமந்தத்துக்குக் கூறைப்பட்டு கட்டிப் பார்த்த ஆண்ட்டிகளின் கண்கள் அந்தச் சாயம் போன பருத்தியைப் பரிதாபமாகப் பார்த்தன. மாயவரத்து ஆண்ட்டிக்கு நான் சொல்லிக்கொடுத்த பாடம் அந்த நேரம் பார்த்தா ஞாபகம் வர வேண்டும்!

"டுருங்!" என்றார் கணீரென்று.

மற்ற இருவரும் அதையே சொன்னார்கள். நான் பதறிப்போய் "பந்தஸ், பந்தஸ்!" என்று கத்தினேன். அதற்குள் ஆண்ட்டி எழுந்து போய் அந்த முடிச்சை அவிழ்த்து, கீழே கிடந்த சிறகுத் துணியை எடுத்து அவளுக்குச் சுற்ற ஆரம்பித்துவிட்டார். அத்தனை வாஞ்சையாகச் சுற்றினார். யார் மேல் கோபப்படுவது?

"இப்பப் பாரு, மகாலட்சுமி மாதிரி இருக்கா."

 போனில் அம்மா மெதுவாக ஏதோ கேட்டார். இவள் பதில் சொன்னாள். கார்டில் நிமிடங்கள் தீர்ந்து, லைன் போய்விட்டது.

"அம்மா என்ன கேட்டாங்க?" என்றேன்.

ஆண்ட்டி சுற்றிவிட்ட துணியின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு ஆங்கிலத்தில் சொன்னாள். "கடைசித் துணிக்கு ஒரே ஒரு குரல்தான் பந்தஸ் என்றது, அங்கே உன் பக்கம் வேறு யாருமே இல்லையா என்று கேட்டார். இல்லை என்று சொன்னேன்."

"என்னடி சொல்றா கொழந்த?" என்று கேட்டார் மாயவரத்து ஆண்ட்டி, அவள் தலையை வருடிக்கொண்டே.