யானை வராத மணியோசை

கிளாரினெட் அக்கா என்றால் அந்தக் குடியிருப்பில் எல்லோருக்கும் தெரியும் என்று தொடங்கத்தான் ஆசை. ஆனால் தெரியாது. ‘பாடகியோட அக்கா’ என்றால்தான் தெரியும். மூன்றாம் மாடிக்குக் குழாய் பழுதுபார்க்க வருகிறவர்கூட வீட்டுக்குள் ஒருமுறை கண்ணை ஓட்டிவிட்டு, “அவங்க இங்க வருவாங்களாம்மா?” என்று கேட்ட பிறகுதான் ஸ்பேனரைக் கையில் எடுப்பார்.

“வருவா. பசிச்சா வருவா,” என்பாள் அக்கா. அவளுக்குப் பொய் சொல்ல வராது.

அவர்கள் மூன்று பேர். மூத்தவள் கிளாரினெட். அடுத்தவன் தம்பி, அக்கார்டியன். துருத்தியை இழுத்து இழுத்தோ, அல்லது வாயைத் திறந்தால் வருவதெல்லாம் வெறும் காற்றாகவே இருப்பதாலோ, அவனுக்குக் ‘காத்து’ என்று பெயர் நிலைத்துவிட்டது. கடைசிப் பெண் பாப்பா. நாற்பதைத் தாண்டியும் வீட்டில் பாப்பாதான். ஊருக்கு அவள் வேறு ஆள். பேருந்தின் பக்கவாட்டில் பேருந்து நீளத்துக்கு அவள் முகம் இருக்கும். பள்ளிக்கூடத்தில் இசை வகுப்பு எடுக்க அக்கா தினமும் ஏறுவதும் அதே பேருந்தில்தான். “தங்கச்சி மூக்குக்குப் பின்னாடி இருக்கிற சீட்டுதான் என்னோடது. காத்தோட்டமா இருக்கும்,” என்பாள்.

பொறாமை இல்லையா என்று கேட்பார்கள். இல்லாமலா? பல்வலி மாதிரி வரும், குடையும். ஆனால் பாப்பா வாயைத் திறந்து பாட ஆரம்பித்தால் போய்விடும். அதுதான் எரிச்சலே. பாவி மகள் கொஞ்சம் சுமாராகப் பாடித் தொலைத்திருந்தால் நிம்மதியாகப் பொறாமைப்பட்டிருக்கலாம்.

பாப்பாவின் எல்லா நிகழ்ச்சிகளிலும் அக்காவும் காத்துவும்தான் பக்கவாத்தியம். எல்லா நிகழ்ச்சியும் ஒரே மெட்டில்தான் தொடங்கும். சொற்கள் இல்லாத மெட்டு. அக்கா வீட்டுச் சமையலறையில், சுவர் ஓடுகள் சத்தத்தை நன்றாகத் திருப்பித் தருகின்றன என்று அங்கேயே நாற்காலி போட்டு உட்கார்ந்து, இருவரும் உண்டாக்கியது. கிளாரினெட் ஒரு கேள்வி கேட்கும். அக்கார்டியன் அதையே கொஞ்சம் இழுத்து, கொஞ்சம் கெஞ்சி, மறுபடி கேட்கும். பிறகு இரண்டும் வாயை மூடிக்கொள்ளும். அந்த இடைவெளியில், திரைக்குப் பின்னாலிருந்து, பாப்பாவின் “ஆ...” வரும். அரங்கத்தின் கூரை பிய்த்துக்கொண்டு போகும்.

யானை வரும் பின்னே, மணியோசை வரும் முன்னே. இருபது வருஷமாக இவர்கள் இருவரும் மணி. மணி கேட்டதும் எல்லோரும் கழுத்தை நீட்டி யானையைத் தேடுவார்களே தவிர, ‘அடடா, என்ன மணி!’ என்று யார் சொல்லப்போகிறார்கள்?

நிகழ்ச்சியின் நடுவில் தனியாக ஒரு மெட்டு வாசித்துக்கொள்கிறோமே என்று பாப்பாவின் மேலாளரிடம் அக்கா பலமுறை கேட்டதுண்டு. கைபேசியிலிருந்து கண்ணை எடுக்காமல் அவர் ஒரே பதிலைத்தான் சொல்வார். “தேதி பாத்துச் சொல்றேன்.”

“தேதிதான் குறிச்சாச்சே சார். நாளைக்குத்தானே நிகழ்ச்சி?”

“அதான், பாத்துச் சொல்றேன்.”

அப்படி ஒரு நாள் கேட்டுவிட்டு வந்தபோதுதான், பேருந்தில், தங்கச்சியின் மூக்குக்குப் பின்னால் உட்கார்ந்தபடி அக்கா முடிவு செய்தாள். ஒரே ஒரு சாயங்காலம். பாப்பாவின் பெயர் இல்லாமல், படம் இல்லாமல், அவர்கள் இருவரையும் கேட்பதற்கென்றே வந்து உட்காரும் ஒரு கூட்டம். பத்துப் பேரானாலும் சரி. அது கிடைத்துவிட்டால் பிறகு ஆயுசு பூராவும் மணியாகவே இருந்துவிட்டுப் போகலாம்.

நூலகத்தின் மாடியில் ஒரு கூடம் இருந்தது. அதன் பொறுப்பாளர் அம்மாள் மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி அக்காவைப் பார்த்து, “பாடகியோட அக்காதானே நீங்க?” என்று ஆரம்பித்தார். அக்கா, “கிளாரினெட் வாசிக்கிறவ,” என்றாள். அந்த அம்மாள் கண்ணாடியை இறக்கிக்கொண்டு, “சரி, அப்படியே எழுதிக்கிறேன்,” என்றார்.

அச்சகக்காரர் அவ்வளவு சுலபமில்லை. சுவரொட்டிகள் வந்தபோது, வலது மூலையில், தபால்தலை அளவுக்குப் பாப்பா சிரித்துக்கொண்டிருந்தாள்.

“யார் கேட்டா இதை?”

“சும்மா, ஒரு லட்சணத்துக்கும்மா. மொட்டையா இருந்துச்சு.”

அக்கா சுவரொட்டிக் கட்டை வீட்டுக்குத் தூக்கி வந்து, கத்தரிக்கோலோடு உட்கார்ந்து, ஒவ்வொன்றிலும் மூலையை வெட்டினாள். ஊர் முழுக்க மூலை இல்லாத சுவரொட்டிகள் ஒட்டப்பட்டன. எலி கடித்த மாதிரி இருக்கிறது என்றார்கள் சிலர். அந்த மூலையில் என்னதான் இருந்தது என்று பேசிக்கொண்டார்கள் பலர். அச்சடித்த விளம்பரத்தைவிட வெட்டிப் போட்ட விளம்பரம் நன்றாக வேலை செய்தது.

பாப்பாவுக்கு அக்காவே தொலைபேசியில் சொன்னாள். “நீ வரக் கூடாது.”

“டிக்கெட் வாங்கிட்டு வந்தா?”

“வாசல்லயே நிக்க வைப்பேன்.”

“இவ்வளவு ரோஷமா உனக்கு?”

“தொண்டை வேணா உனக்கு மட்டும் வாய்ச்சிருக்கலாம்டி. ரோஷம் வீட்டுக்குப் பொதுச் சொத்து.”

ஒத்திகை சமையலறையில் நடந்தது. கடைசி உருப்படியாக அந்தத் தொடக்க மெட்டையே வாசிப்பது என்று முடிவு. அவர்கள் பெற்ற பிள்ளை அது. முதல் தடவையாக யானைக்கு மணியாக இல்லாமல் தானாக நிற்கட்டும். பலமுறை வாசித்துப் பார்த்தார்கள். ஒரு குறையும் தெரியவில்லை. குறை இருந்தது. பாப்பா ஒத்திகைக்கு வரும் வழக்கமே கிடையாது; இருபது வருஷமாக ஒத்திகையில் அவள் பாடும் இடம் வந்தால் காத்துதான் பெண்குரலில் “ஆ...” என்று முனகி நிரப்புவான். அன்றும் முனகினான். கை துருத்தியின்மேல் ஓய்ந்திருக்க, வாய் அதுபாட்டுக்கு முனகியது. அவன் முனகுவது அவனுக்கே தெரியாது. அக்காவுக்கும் அது பழகிப்போன சத்தம்.

நிகழ்ச்சியன்று மாலை கூடம் நிரம்பி வழிந்தது. பக்கவாட்டுக் கதவு இடுக்கில் எட்டிப் பார்த்த அக்கா, வரிசை வரிசையாகத் தலைகளை எண்ணினாள். அப்போது முன்வரிசையில் ஒரு பெண்மணி மடியில் வைத்திருந்த பூங்கொத்து கண்ணில் பட்டது. அதில் செருகியிருந்த அட்டையில் பாப்பாவின் பெயர்.

அக்கா திரும்பினாள். “டேய். அவ வர்றான்னு யார்கிட்டயாவது சொன்னியா?”

“நான் ஏன் சொல்றேன்? ‘வரமாட்டான்னு நம்மளால சொல்ல முடியுமா’ன்னு ரெண்டு மூணு எடத்துல கேட்டேன். கேள்விதானேக்கா?”

“ரெண்டு மூணு எடம்னா?”

“நான் ஓட்டுற டெலிவரி வண்டி போற எடம்...” என்று காத்து மென்று விழுங்கினான். வண்டி ஊர் முழுக்கப் போகும்.

“கூடம் நிறையணும்னுதான்க்கா...”

“நிறைஞ்சது கூடமா? இவங்க அவளுக்கு வந்தவங்கடா. நமக்கு யார் வந்தாங்கன்னு நான் எப்படித் தெரிஞ்சுக்கிறது?”

சொல்லிவிட்டு நேராக மேடைக்குப் போனாள். கைதட்டினார்கள். அவள் கையைத் தூக்கி நிறுத்தினாள். “என் தங்கச்சி இன்னிக்கு வரமாட்டா. அவளுக்காக வந்தவங்க கீழ காசைத் திருப்பி வாங்கிக்கலாம். கோச்சுக்க மாட்டோம்.”

நாற்காலிகள் கிறீச்சிட்டன. பூங்கொத்து எழுந்து போனது. பாதி வழியில் நின்று ஒருவர் கேட்டார். “அப்ப நீங்க யாரு?”

“நாங்கதான் நிகழ்ச்சி.”

பாதிக் கூடம் காலியானது. மிச்சம் இருந்தவர்கள் இசைக்காக இருந்தார்கள் என்று எழுதினால் அழகாகத்தான் இருக்கும். சிலர் அதற்காக இருந்தார்கள். மற்றவர்களிடம் குடை இல்லை. வெளியே நல்ல மழை.

வாசித்தார்கள். முதல் உருப்படியில் காத்துவின் விரல் ஓரிடத்தில் வழுக்கியது. இரண்டாவதில் அக்காவின் மூச்சு நிலைக்கு வந்தது. அதன்பிறகு யார் இருக்கிறார்கள், யார் போனார்கள் என்று பார்ப்பதை அவள் விட்டுவிட்டாள். இருமிக்கொண்டிருந்த ஒருவர் இருமலை நிறுத்திக்கொண்டார். மழைக்கு ஒதுங்கியவர்களில் ஒருவர் செருப்பைக் கழற்றிவிட்டு வசதியாகச் சாய்ந்தார்.

கடைசி மெட்டு வந்தது. கிளாரினெட் கேட்டது. அக்கார்டியன் கெஞ்சிக் கேட்டது. இருவரும் நிறுத்தினார்கள்.

ஒன்றும் வரவில்லை.

மேடையில், மக்கள் முன்னால், காத்து முனகவில்லை. முனக அவனுக்கு என்ன பைத்தியமா? அப்போதுதான் இருவருக்கும் உறைத்தது. தனியாக நிற்கப்போகிறோம் என்று மார்தட்டி வந்துவிட்டு, வராதே என்று தாங்களே வாசலில் நிறுத்திய தங்கச்சிக்கு, மேடை நடுவில் பாய் விரித்து இடம் விட்டுவைத்திருந்தார்கள். காத்து அக்காவைப் பார்த்தான்.

கூடம் நிசப்தமாக இருந்தது. அந்த நிசப்தத்தில், கடைசி வரிசையில், தூணுக்குப் பின்னாலிருந்து, ஒரு மூச்சு உள்ளே இழுக்கப்படும் சத்தம் அக்காவுக்குக் கேட்டது. வேறு யாருக்கும் கேட்டிருக்காது. ஊதுகிறவளுக்கு மூச்சு தெரியும். அதுவும், தொட்டிலில் கிடந்த காலத்திலிருந்து கேட்ட மூச்சு. தூணோரம் உற்றுப் பார்த்தால், முக்காடு போட்டு, பெரிய கண்ணாடி போட்டு, டிக்கெட் வாங்கி, வந்து உட்கார்ந்திருக்கிறாள் கழுதை! பாடகிக்கும் பழக்கம்தானே? இடம் வந்ததும் நெஞ்சு தானாக நிரம்பிவிட்டது. இனி அது வெளியே வர வேண்டியதுதான் பாக்கி. வந்தால் கூரை பிய்யும், கூடம் எழுந்து நிற்கும், சாயங்காலம் முடிந்துவிடும். இருவரும் மறுபடி மணி.

மூச்சு வெளியே வரவில்லை. பாப்பா அதை உள்ளேயே வைத்துக்கொண்டிருந்தாள். முக்காட்டின் நுனியை வாயில் திணித்துக்கொண்டிருந்தாள் என்பது பிற்பாடு தெரிந்தது.

அக்கா கிளாரினெட்டை உதட்டுக்கு எடுத்தாள். பாப்பா ஏறும் அந்த உச்சிக்கு அவள் போகவில்லை. கீழே இறங்கினாள். அந்தக் கருவியின் அடிவயிற்றில், சூடான மரம் பேசுவதுபோல் ஒலிக்கும் இடத்துக்குப் போய், அங்கிருந்து ஒரு பதில் சொன்னாள். முதல் சுரம் சற்று நடுங்கியது. இருக்கட்டும்; இருபது வருஷமாக யாரும் புழங்காத அறை, கதவு கிறீச்சிடத்தான் செய்யும். காத்து துருத்தியை மெல்லத் திறந்து, அவள் காலுக்கடியில் ஒரே சுரத்தைத் தரைபோல் விரித்தான். வாழ்நாளில் அவன் அவ்வளவு குறைவாகப் பேசியதில்லை.

மெட்டு சுற்றி வந்தது. இடைவெளி மறுபடி வந்தபோது அவள் தயாராக இருந்தாள். அதற்கடுத்த முறை இருவருமாக உள்ளே போய், வெளியே வர மனமில்லாமல், அங்கேயே குடித்தனம் நடத்திவிட்டுத்தான் திரும்பினார்கள்.

முடிந்தது. ஒரு கணம் சத்தமே இல்லை. அந்தச் சத்தமின்மையில்தான் மழைச் சத்தமும் இல்லை என்பது அக்காவுக்குப் புரிந்தது. எப்போதோ விட்டிருந்தது. யாரும் எழுந்து போகவில்லை. குடை இல்லாதவர்களும், செருப்பைக் கழற்றியவரும், எல்லோரும் அப்படியே இருந்தார்கள். பிறகுதான் கைதட்டினார்கள். யாரும் திரைப்பக்கம் கழுத்தை நீட்டவில்லை. எல்லாக் கண்ணும் மேடையில் இருந்தது.

நூலகத்து அம்மாள் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே வந்தார். “அடுத்த மாசமும் ஒரு நாள் வாசிங்க. இந்தத் தடவை சுவரொட்டிய மூலையோட ஒட்டுவோம்.”

மறுநாள் உள்ளூர்ப் பத்திரிகையில் விமர்சகர் ஒருவர், நடுவில் விட்ட அந்த நீண்ட மௌனத்தை ‘துணிச்சலான புதுமை’ என்று புகழ்ந்திருந்தார். காத்து அதைச் சத்தமாக வாசித்துவிட்டு, “அது என் யோசனைக்கா,” என்றான். அந்தச் சமயத்தில் தொலைபேசி அடித்தது.

“அக்கா, நேத்து எப்படிப் போச்சு?” பாப்பாவின் குரலில் தேன் வழிந்தது.

“நல்லா போச்சு. கடைசி வரிசையில ஒருத்திக்குத்தான் மூச்சுப் பிடிச்சுக்கிச்சு.”

அந்தப் பக்கம் தொண்டையைச் செருமும் சத்தம். பிறகு சிரிப்பு. “வாயை மூடிக்கிட்டு உக்கார்றது எவ்வளவு கஷ்டம் தெரியுமாக்கா?”

“தெரியும். இருபது வருஷமா அதைத்தானே பண்றோம்.”

“சரி, கேளு. அடுத்த மாசம் பெரிய அரங்கத்துல நிகழ்ச்சி. அந்த எடத்துல நான் பாடல. நீயே வாசி. நீ முடிச்சப்புறம்தான் நான் மேடைக்கே வருவேன். மேலாளர்கிட்டயும் சொல்லிட்டேன். வருவல்ல?”

அக்கா தலையைத் திருப்பி, குளிர்சாதனப் பெட்டியின் கதவில் தொங்கிய நாள்காட்டியைப் பார்த்தாள். அடுத்த மாதத்தில் ஒரே ஒரு கட்டத்தில், பேனாவால் வட்டம் போட்டு, ‘நூலகம்’ என்று எழுதியிருந்தது. மற்ற கட்டங்களெல்லாம் வெள்ளை வெளேரென்று காலியாகக் கிடந்தன. ஒன்றானாலும் ஒன்றுதானே. அவளுக்குப் பொய் சொல்லத்தான் வராதே.

“தேதி பாத்துச் சொல்றேன்,” என்றாள்.