ஹாலுக்கு வாங்கிய பெட்டி

எங்கள் வீட்டு ஹாலில் டிவிக்குக் கீழே ஒரு வெற்றிடம் இருக்கிறது. தூசி துடைக்கும்போதெல்லாம் அந்த இடத்தை மட்டும் அழுத்தித் துடைப்பேன். கோபத்தை வேறு எங்கே காட்டுவது?

நிச்சயம் முடிந்தபின் நானும் என் கணவரும் போனில் பேசிய முதல் உருப்படியான பேச்சு கார் ரேஸ் விளையாட்டைப் பற்றியது. திருச்செங்கோட்டில் பொறியியல் படித்த காலத்தில், விடுதியில் பழைய லேப்டாப்பை வைத்துக்கொண்டு நான் ஓட்டாத கார் இல்லை. அவரும் அப்படித்தானாம். "கல்யாணத்துக்கப்புறம் ஹால்ல பெரிய டிவியில சேந்து ஓட்டலாம் புள்ள" என்றார். நகை, புடவை, மண்டபம் எல்லாம் பெரியவர்கள் பேசினார்கள். எங்களுக்கென்று நாங்களே பேசி வைத்தது இது ஒன்றுதான். அதை ஒரு வாக்காகவே நான் எடுத்துக்கொண்டேன்.

மாமனாருக்கு நாமக்கல்லில் லாரித் தொழில். வீட்டுக்குப் பின்னால் வண்டி நிறுத்தும் செட்டு, அதை ஒட்டி ஆபீஸ். அங்கே வீட்டுப் பெண்கள் போவதில்லை. டீ வேண்டுமென்றால் யாராவது வந்து வாங்கிக்கொண்டு போவார்கள். ஹாலிலும் காலையிலிருந்து டிரைவர்களும் புரோக்கர்களும்தான். சாயங்காலம் கொஞ்ச நேரம் மட்டும் ஹால் காலியாக இருக்கும். எனக்கு வேண்டியிருந்தது அந்தக் கொஞ்ச நேரம்தான்.

நான் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். சம்பளத்தில் மிச்சம் பிடித்து, இருவரும் சேலத்தில் ஒரு கடைக்குப் போனோம். பெரிய கேபினெட் வேண்டாம், கலர் லைட் வேண்டாம், டிவிக்குக் கீழே அடங்க வேண்டும், கையைக் கடிக்கக் கூடாது என்றேன். நான் கேட்ட கேள்விக்கெல்லாம் கடைக்காரர் என் கணவரைப் பார்த்தே பதில் சொன்னார். கடைசியில் சாப்பாட்டு டப்பா அளவில் ஒரு குட்டிக் கம்ப்யூட்டர் அமைந்தது. தனி கிராபிக்ஸ் கார்டு கிடையாது. படத்தின் தரத்தைக் கொஞ்சம் குறைத்து வைத்தால் எங்கள் ரேஸ் ஓடும். கையில் பிடித்து விளையாட இரண்டு கண்ட்ரோலர்: அவருக்குக் கறுப்பு, எனக்குச் சிவப்பு.

திரும்பி வரும்போது காரில் சொன்னார்: "அப்பாகிட்ட வெளையாட்டுக்குன்னு சொன்னா ஒத்துக்க மாட்டாரு. லாரி எங்க போவுதுன்னு பெருசா பாக்கறதுக்குன்னு சொல்லிக்கலாம்." எனக்கும் அது கெட்டிக்காரத்தனமாகவே பட்டது. எங்கள் வீட்டில் வண்டிக்கு என்று சொல்லிவிட்டால் எந்தச் செலவையும் ஏனென்று கேட்பாரில்லை.

புது லாரிக்குச் செய்வது போலவே மாமனார் பூசை போட்டார். பெட்டிக்குச் சந்தனம், குங்குமம். ஏற்றி நசுக்கச் சக்கரம் இல்லாததால் எலுமிச்சம்பழத்தை அறுத்து இரண்டு பக்கமும் வைத்தார். டிவியில் மேப் விரிந்தது. எங்கள் லாரிகள் பச்சைப் புள்ளிகளாக ஊர்ந்தன. ஒரு புள்ளி ஓசூரில் அசையாமல் இருந்ததைப் பார்த்துவிட்டு, அங்கேயே டிரைவரைப் போனில் பிடித்துத் திட்டினார்.

நாங்கள் ரேஸ் ஓட்டியது ஒரு மாதம்கூட இருக்காது. நன்றாகத்தான் இருந்தது, இல்லையென்று சொல்ல மாட்டேன். வளைவில் அவர் வேகத்தைக் குறைக்கவே மாட்டார், போய் முட்டிக்கொள்வார். "வளையறதுக்கு முன்னாடியே கொறைங்க" என்று சொல்லிச் சொல்லி என் வாய் வலித்தது. கல்யாணமாகி வந்த வீட்டில் நான் சத்தமாகச் சிரித்தது அந்தச் சோபாவில்தான். அடுப்படியிலிருந்து மாமியார் எட்டிப் பார்த்துவிட்டுப் போவார்.

ஒரு நாள் மாமனார் ஆரம்பித்தார். "ஏஞ்சாமி, இந்த மெசினு பகலெல்லாம் சும்மாதான நிக்குது? ஆபீசுல வெச்சா நாளெல்லாம் ஓடுமில்ல?" நிற்கிற வண்டியைப் பார்த்தால் அவருக்குச் சோறு இறங்காது. நான் என் கணவரைப் பார்த்தேன். இது அவள் சம்பளத்தில் வாங்கியது, நாங்கள் விளையாட வாங்கியது என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அவர் டிவிக்குப் பின்னால் குனிந்து ஒயரை உருவினார். "சாயங்காலம் எடுத்தாந்துக்கலாம் புள்ள" என்று என்னிடம் மெதுவாகச் சொன்னார்.

எடுத்து வரவில்லை. கேட்டால் ஒரு வண்டி எங்கேயோ மாட்டிக்கொண்டிருக்கும், இல்லை லோடு ஏறிக்கொண்டிருக்கும். கண்ட்ரோலர்களாவது டிராயரில் கிடக்கட்டும் என்று விட்டுவைத்தேன். ஒரு நாள் திறந்தால் அவையும் இல்லை. மாமியாரைக் கேட்டேன். "ஆபீசுக்கு வேணும்னு எடுத்துட்டுப் போனானே" என்றார்.

மேப் பார்க்கக் கண்ட்ரோலர் எதற்கு? அன்று சாயங்காலம் டீக்கு ஆள் வரும்வரை நான் காத்திருக்கவில்லை. தூக்குப்போசியில் டீயை ஊற்றிக்கொண்டு நானே நடந்தேன்.

ஆபீஸ் கதவு திறந்திருந்தது. சுவரில் ஒரு டிவி, அதில் எங்கள் ரேஸ். கறுப்பு என் கணவர் கையில். சிவப்பு அவருடைய பெரியப்பா மகன் கையில். விளையாட்டு என்றால் ஒத்துக்கொள்ளவே மாட்டாரென்று என் கணவர் சொன்ன மாமனார், பின்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்து, "உடாதடா, முந்துடா!" என்று தொடையைத் தட்டிக்கொண்டிருந்தார்.

என்னைப் பார்த்ததும் அவர் சிரிப்பு நின்றது. "இங்கெல்லாம் நீ எதுக்கு சாமி வந்த? சொல்லியிருந்தா ஆள் அனுப்பியிருப்பனே" என்றார், அன்பாகத்தான்.

என் கணவர் திரும்பவில்லை. ரேஸ் முடிகிற கட்டம். "அங்க வெச்சுட்டுப் போ புள்ள" என்றார்.

கடைசி வளைவு வந்தது. முன்னாடியே வேகத்தைக் குறைத்து, எங்கும் முட்டாமல், அழகாகத் திருப்பி ஜெயித்தார்.