டிக் போடாத வரி

ஒரு ஞாயிறு காலை, கடலூரிலிருந்து சிதம்பரம் போகும் பேருந்தில் என் பக்கத்தில் ஒரு கிறிஸ்தவ ஊழியக்காரர் உட்கார்ந்திருந்தார். வெளுத்த சட்டை, காலர் நைந்திருந்தது. வேதாகமத்துக்குள்ளிருந்து பிரசங்கக் குறிப்பை எடுத்து, வரிவரியாகப் பென்சிலால் டிக் போட்டார்.

“நானே போய் விசாரிச்சதுக்குத்தான் டிக்கு” என்றார்.

மேலே ஒரு வரிக்கு மட்டும் டிக் இல்லை: ‘குடிகாடு. நான் சொன்னது தவறு.’

“அது என்னங்க?”

“அந்த ஊர்ல ஒரு அம்மாவுக்கு ஜெபத்துலயே ஆஸ்துமா போயிடுச்சின்னு போன வாரம் சிதம்பரம் சபையில சாட்சி சொன்னேன். யாரோ சொன்னத நம்பிட்டேன். நேத்துதான் போய்ப் பாத்தேன். மருந்து இல்லாம அவுங்களால மூச்சு விட முடியல.”

“இனிமே சொல்லாம விட்டுடலாமே?”

“அதக் கேட்டுட்டு யாராச்சும் மருந்த நிறுத்தியிருந்தா? இன்னிக்கி அதே சபையில நின்னு, தப்புன்னு சொல்லணும். இதுக்கு மட்டும் சொல்லிட்டுத்தான் டிக்கு.”

“அப்புறம் உங்களக் கூப்புடுவாங்களா?”

“கூப்புடலன்னா ஞாயித்துக்கெழம மீன் கொழம்ப வீட்டுல சூடா சாப்புடுவேன்” என்று சிரித்தார். குறிப்பை மடித்து வேதாகமத்துக்குள் வைத்தார்.

சிதம்பரத்தில் இறங்கிப் போனார்.

மாலையில் என் டைரியில், ‘அவர் சபையில் சொல்லிவிட்டார்’ என்று எழுதினேன். நான் பார்க்கவில்லை, அதற்கு டிக் போட முடியாது. அந்த வரியை அடித்துவிடவும் மனம் வரவில்லை.