ஐந்து வரி மலை

முதலில் என் முட்டாள்தனத்தை ஒப்புக்கொண்டுவிடுகிறேன். பிறகு மற்றவர்களைத் திட்ட வசதியாக இருக்கும். எங்கள் வீட்டுப் பின்கதவு காற்றில் அடித்துக்கொள்ளாமல் இருக்க முட்டுக்கொடுத்திருக்கும் மரக்கட்டை, இலக்கிய ஆராய்ச்சிக்காக எனக்குக் கொடுத்த விருது. மலை வடிவத்தில் அறுத்த தேக்குப் பலகை. அதன்மேல் பித்தளைத் தகட்டில், தொப்பி போட்ட துப்பறிவாளன் ஒருவன் நமக்கு முதுகைக் காட்டிக்கொண்டு மலையைப் பார்க்கிறான். கீழே என் பெயர். பெயருக்கு முன்னால் ‘ஆய்வறிஞர்’ என்று வேறு. இல்லாத ஒன்றைக் கண்டுபிடித்ததற்காக உலகத்தில் யாருக்காவது விருது கிடைத்திருக்குமானால் அது எனக்குத்தான்.

எங்கள் ஊரில் ஓர் எழுத்தாளர் இருந்தார். மாதம் ஒரு துப்பறியும் நாவல், தொண்ணூற்றாறு பக்கம். அட்டையில் ஒரு கத்தியும் பயந்த இரண்டு கண்களும் கட்டாயம் உண்டு. திருவண்ணாமலை பஸ் ஸ்டாண்ட் கடைகளில் கிளிப் போட்டுத் தொங்கவிட்டிருப்பார்கள். எண்பத்தொன்பதில் தாலுகா ஆபீசில் வேலைக்குச் சேர்ந்து செங்கம் பஸ்ஸில் போய்வந்த நாட்களில், போகும்போது கொலை, திரும்பும்போது கைது என்று முடித்துவிடுவேன். அவர் காலமான பிறகு ரசிகர்கள் சேர்ந்து அவர் பெயரில் ஆண்டு விருது ஏற்படுத்தினார்கள். அவருடைய நாவல்களைப் பற்றிய சிறந்த கட்டுரைக்கு ஒன்று, அவற்றை வைத்து வரைந்த சிறந்த ஓவியத்துக்கு ஒன்று. செயலாளர் ஒரு லாட்ஜ் முதலாளி. விழா அவருடைய லாட்ஜ் மாடி ஹாலில்தான் நடக்கும். பௌர்ணமியில் மட்டும் நடக்காது. அன்றைக்கு இலக்கியத்தைவிட அறைகளுக்குக் கிராக்கி அதிகம்.

என் கட்டுரையின் பொருள் இதுதான்: அந்த நாவல்களில் அத்தியாயம் முடிகிற இடத்தில் துப்பறிவாளன் திடீரென்று கொலையை விட்டுவிட்டு மலையைப் பார்ப்பான். சில இடங்களில் மூன்று வரி, சில இடங்களில் ஐந்து, சில இடங்களில் ஏழு. ‘அவன் ஜன்னல் பக்கம் திரும்பினான். மலை அங்கேயே இருந்தது. தன்னிடம் வந்து அழுதவர்களைப் பற்றி அது இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.’ இந்த மாதிரி. பிணம் கூடத்தில் கிடக்கும். இவன் மலையைப் பார்த்துக்கொண்டிருப்பான். படிக்கிற நாமும் பிணத்தை மறந்துவிடுவோம். மூன்று வரி என்றால் முக்கண், ஐந்து என்றால் ஐந்தெழுத்து, ஏழு என்றால் ஏழு பிறப்பு என்று நாற்பது பக்கம் எழுதினேன். பரிசு கிடைத்தது. அதே ஆண்டு ஓவியப் பரிசு, ரமணாசிரமம் பக்கம் அறை எடுத்துத் தங்கியிருந்த வெள்ளைக்கார அம்மையாருக்கு. தொப்பிக்காரன் மலையைப் பார்க்கும் அதே காட்சிதான். நாங்கள் இரண்டு பேரும் மேடையில் ஒருவரை ஒருவர் கும்பிட்டுக்கொண்டோம். ஞானிகளின் சந்திப்பு.

பரிசு வாங்கிய திமிரில் கட்டுரையைச் சின்னப் புத்தகமாகப் போடலாம் என்று பெரிய தெருவில் ஒரு டி.டி.பி. சென்டருக்குக் கொண்டுபோனேன். அங்கே கம்ப்யூட்டரில் உட்கார்ந்திருந்தவரை ஊரில் எல்லாருமே அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். அதற்கு முன்னால் பதினைந்து வருஷம், எழுத்தாளரின் நாவல்கள் அச்சான பிரஸ்ஸில் கம்போசிங், அதாவது ஈய எழுத்துக் கோர்க்கும் வேலை பார்த்தவர். ஐந்தாம் பக்கம் வரை மளமளவென்று அடித்துக்கொண்டு போனவர் கையை எடுத்துவிட்டார். தோள் குலுங்கியது. அழுகிறாரோ என்று பார்த்தால், சிரிப்பு.

“இன்னாக்கா, தப்பு ஜாஸ்தியா இருக்குதா?”

“தப்பு இல்ல சார். இந்த மலையெல்லாம் நான் எழுதினது.”

நான் சிரித்தேன். அவர் சிரிப்பை நிறுத்திவிட்டார்.

பிறகு விவரமாகச் சொன்னார். அத்தியாயம் முடிந்து பக்கத்தில் பாதி வெள்ளையாக நின்றால் பிரஸ் முதலாளிக்குப் பிடிக்காது. காசு கொடுத்தவன் வெறும் காகிதத்தையா வாங்குவான் என்று கத்துவாராம். முதலில் அந்த இடங்களில் பூப்படம் போட்ட அச்சுக்கட்டையை வைத்திருக்கிறார்கள். முகூர்த்த மாதங்களில் அந்தக் கட்டையெல்லாம் கல்யாணப் பத்திரிகைக்குப் போய்விடும். அப்படி ஒரு வைகாசியில்தான் அக்கா ஐந்து வரியை யாரையும் கேட்காமல் கோர்த்துவிட்டார். அச்சான புத்தகத்தைப் பார்த்த எழுத்தாளர் சண்டைக்கு வரவில்லை. அடுத்த மாதத்திலிருந்து அவரே இடம் விட்டு அனுப்ப ஆரம்பித்தார். ஆதாரம் கேட்கிறீர்களா? அக்கா மேஜை இழுப்பறையிலிருந்து எழுத்தாளரின் கையெழுத்தில் ஒரு தாளை எடுத்துக் காட்டினார். அத்தியாயம் முடிகிற இடத்தில் அவரே எழுதியிருந்தார்: ‘இங்கே மலை ஐந்து வரி. கம்போசிங்கில் எழுதிக்கொள்ளவும்.’

“சரி, ஏன்க்கா மலை?” என்றேன். என் நாற்பது பக்கத்தில் ஒரு பக்கமாவது பிழைக்காதா என்ற ஆசை.

“நான் உக்காந்த எடத்துக்கு எதிர்ல ஜன்னல். வேற இன்னா தெரியும்?”

முக்கண்ணும் ஐந்தெழுத்தும் ஏழு பிறப்பும் அந்த ஜன்னல் வழியாகப் போய்விட்டன. நான் அவமானத்தில் நின்றபோது அக்கா தாளை மடித்து உள்ளே வைத்தபடி சொன்னதுதான் இன்றைக்கும் என்னைக் குத்துகிறது. “எத்தனையோ பேரு பேரைக் கோர்த்திருக்கேன் சார். கல்யாணம், கருமாதி, எலெக்சன் நோட்டீஸ்னு. என் பேரை மட்டும் ஒரு தடவகூட கோர்த்தது இல்ல. எழுத்தாளர்கிட்ட கேட்டேன். ‘பாக்கலாம்மா’ன்னாரு. பாத்துகினே போய்ட்டாரு.”

மறுநாளே அந்தத் தாளை இரவல் வாங்கிக்கொண்டு செயலாளரிடம் போனேன். என் பரிசைத் திருப்பிக் கொடுத்துவிடுகிறேன், அடுத்த விழாவில் அக்கா பெயரைச் சொல்லுங்கள் என்றேன். அவர் தாளை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார், கள்ளநோட்டைப் பார்ப்பதுபோல.

“யோவ், செங்கல் அடுக்கினவன் பேரையா கோபுரத்துல எழுதுறாங்க?”

“இது செங்கல் இல்லீங்க. நீங்க பேனர்ல போடுறீங்களே ‘மலை அங்கேயே இருந்தது’ன்னு, அதுவே அவங்க எழுதினது.”

“நீதானய்யா நாப்பது பக்கம் எழுதின, அவரு பெரிய ஞானின்னு? இப்ப வந்து கம்போசிங்காரம்மான்னா, பரிசு குடுத்த எங்கள ஊர்ல இன்னானு பேசுவாங்க?”

இதற்கு நல்ல பதில் ஒன்று பஸ் ஏறிய பிறகுதான் வந்தது. என் பதில்கள் எப்போதும் அப்படித்தான். இருந்தாலும் விடவில்லை. நாலு முறை நடந்தேன். கடைசியில் அழைப்பிதழின் நன்றிப் பட்டியலில் பெயர் போட ஒப்புக்கொண்டார். அடிமட்டத்தில், ஒரே ஒரு வரி. அக்காவிடம் சொன்னேன். அன்று அவர் எனக்கு டீ வரவழைத்தார்.

அழைப்பிதழை அடித்ததும் அக்காதான். ஒலிபெருக்கிக்காரர், நாற்காலி வாடகைக்காரர், மாலை கட்டியவர், எல்லாருக்கும் நன்றி. கடைசி வரியில் தன் பெயர். திரையில் அது வந்து நின்றதை நான் பக்கத்தில் இருந்து பார்த்தேன். ‘கம்போசிங்’ என்றுதான் முன்னால் போட்டிருந்தார். ‘எழுத்து’ என்றுகூடப் போடவில்லை. அந்த நேரம் பார்த்துச் செயலாளர் உள்ளே வந்தார். பின்னால் நின்று குனிந்து படித்தார். ஸ்வீட் கொடுத்த கடைக்காரர் பெயர் விட்டுப்போயிருந்ததாம்.

“கடைசி வரிய எடுத்துட்டு ஸ்வீட் கடையப் போடும்மா. எடம் பத்தாது.”

அந்த அம்மாளின் பெயரை அந்த அம்மாளின் கையாலேயே அழிக்கச் சொல்லுகிறான் ஒரு மனிதன்! அது அவர் பெயர் என்று தெரிந்தே சொல்லுகிறான். பக்கத்துக்குப் பக்கம் வெற்றிடத்தை நிரப்பிக் கொடுத்தவருக்கு, அந்த வரிகளால் பிழைக்கிற கூட்டத்தின் காகிதத்தில் ஒரு வரி இடமில்லை. சரி, அந்த நேரத்தில் இந்த வீரன் என்ன செய்தான்? “எழுத்த கொஞ்சம் சின்னது பண்ணிப் பாக்கலாமேங்க” என்றான். அவ்வளவுதான். செயலாளர் என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அக்கா ஒவ்வோர் எழுத்தாக, பின்னாலிருந்து முன்னால் அழித்தார். மொத்தமாக ஒரே தட்டில் அழித்திருக்கலாம், அப்படிச் செய்யவில்லை. பிறகு ஸ்வீட் கடையை அடித்தார், பிழையில்லாமல்.

விழாவில் முந்தைய ஆண்டுப் பரிசுக்காரன் என்ற முறையில் எனக்கும் இரண்டு நிமிடம் கொடுத்தார்கள். மைக்கைப் பிடித்து எல்லாவற்றையும் போட்டு உடைத்தேன். அந்த மலை எழுத்தாளருடையது இல்லை, நாலாவது வரிசையில் உட்கார்ந்திருக்கும் இந்த அக்காவுடையது, நான் ஒரு முட்டாள், எனக்குப் பரிசு கொடுத்தவர்கள் என்னைவிடப் பெரிய முட்டாள்கள் என்று பெயர் சொல்லிச் சொன்னேன். ஹாலே சிரித்தது. நாற்பது வயது வரைக்கும் கல்யாண வீட்டிலும் காரிய வீட்டிலும் ஜோக் அடித்தே பழகியவன் உண்மையைச் சொன்னால் யார் நம்புவார்கள்? செயலாளர் என் முதுகில் தட்டி, “நம்ம ஆளு எப்பவும் இப்படித்தான்” என்றார். மறுபடி சிரிப்பு, கைதட்டல். நாலாவது வரிசையில் ஒருவர் மட்டும் சிரிக்கவில்லை. அவர் மேடைக்குப் பின்னால் கட்டியிருந்த பேனரைப் பார்த்துக்கொண்டிருந்தார். தன் மூன்று வரியை. கீழே வேறு பெயர்.

விருதைச் செயலாளர் திரும்ப வாங்கிக்கொள்ளவில்லை. அக்காவிடமே கொண்டுபோய்க் கொடுத்தேன். புரட்டிப் பார்த்தார், விரல் முட்டியால் தட்டிப் பார்த்தார். “நல்ல கட்டை சார். கதவுக்கு வைங்க” என்று கையில் திருப்பிக் கொடுத்துவிட்டார். அவர் சொல்படி வைத்தேன். இந்த விருது செய்த ஒரே உருப்படியான வேலை அதுதான்.

வருஷா வருஷம் விழா நடந்துகொண்டுதான் இருக்கிறது. மலையைப் பற்றிப் புதுப்புதுக் கட்டுரைகள் வருகின்றன. போன தடவை ஒருவர், மூன்றும் ஐந்தும் ஏழும் சேர்ந்தால் பதினைந்து, அது வளர்பிறை என்று கண்டுபிடித்துப் பரிசு வாங்கினார். என் வாரிசு. இந்தப் பத்திரிகைக்காரர்கள் எழுத்தாளரைப் பற்றி ஒரு நினைவுக் குறிப்பு எழுதித் தரச் சொன்னார்கள், இரண்டு பக்கத்துக்கு மிகாமல். நான் யாரைப் பற்றி எழுதியிருக்கிறேன் என்று உங்களுக்குத் தெரிந்திருக்கும். நேற்று சாயங்காலம் பின்கதவைத் திறந்து கட்டையை முட்டுக்கொடுத்துவிட்டு அக்காவுக்குப் போன் போட்டேன். தகட்டில் தொப்பிக்காரன் எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றான். கதவுக்கு வெளியே, மாடி வீடுகளுக்கு மேலே மிச்சமிருந்த இடத்தில் மலை தெரிந்தது.

“உங்களப் பத்தித்தான்க்கா எழுதியிருக்கேன். கடைசில உங்க பேரைப் போடட்டுங்களா?”

“எடம் இருந்தா போடுங்க சார்.”