நட்டின் மேல் ஒரு சிவப்புக் கோடு

பொய் சொன்னவன் நான். சிக்கந்தர் பாயின் கையில் எந்தக் குற்றமும் இல்லை. என் வண்டியின் இன்ஜினைக் கெடுத்தது என் கை. நான்கு ஆண்டுகளாக இதை ஒருவரிடமும் சொன்னதில்லை.

உங்களிடம் ஏன் சொல்கிறேன்? நீங்கள் யாரோ, எவரோ... அதனால்தான் சொல்ல வாய் வருகிறது. சொல்ல வேண்டியவரிடம் சொல்லத் துணிவில்லாத கோழை நான்!

திண்டுக்கல்லில் ஒரு பள்ளியில் இயற்பியல் ஆசிரியன் நான். நாகல் நகரில் வீடு. சிக்கந்தர் பாய் பேகம்பூரில் பைக் பட்டறை வைத்திருக்கிறார். பதினைந்து ஆண்டுகளாக என் பைக்கை அவர்தான் பார்த்து வந்தார். வேறு மெக்கானிக்கின் நிழல்கூட அதன்மேல் விழுந்ததில்லை.

ஒரு கோடையில் இன்ஜினிலிருந்து 'டிக் டிக்' என்று ஒரு சத்தம் கிளம்பியது. டேப்பட் சத்தம் என்றார் பாய். வால்வை அமுக்கித் திறக்கிற பாகத்துக்கும் வால்வுக்கும் நடுவே மெல்லிய தாளின் கனத்துக்கு ஓர் இடைவெளி இருக்க வேண்டுமாம். அது கூடிவிட்டதாம். இன்ஜின் நன்றாக ஆற வேண்டும் என்று வண்டியை ஒருநாள் வைத்துக்கொண்டார். மறுநாள் காலை மெல்லிய எஃகுத் தகட்டை அந்த இடைவெளியில் நுழைத்து, இழுத்துப் பார்த்து, திருகாணியைத் திருப்பி, நட்டை இறுக்கினார்.

இறுக்கியதும் அவர் செய்கிற ஒரு வேலை உண்டு. சிவப்பு நகப்பூச்சுப் புட்டியைத் திறந்து, நட்டுக்கும் திருகாணிக்கும் குறுக்கே மெல்லிய கோடு ஒன்று போடுவார். யாராவது திருகினால் கோடு உடைந்துவிடும். உடையாத வரையில் அது அவருடைய வேலை, அவர் பொறுப்பு.

"என்ன பாய், வண்டிக்கு மேக்கப்பா?" என்று காத்திருக்கிற ஆட்டோக்காரர் யாராவது கிண்டல் செய்வார்.

"ஆமாப்பா, இன்னிக்குப் பொண்ணு பாக்க வாராக!" என்பார் பாய், நிமிராமலே.

அன்று வண்டியைக் கிளப்பினேன். சத்தம் வெகுவாகக் குறைந்திருந்தது. ஆனால் முழுவதும் போகவில்லை.

"பாய், இன்னும் கேக்குதே?"

"அம்புட்டுச் சத்தம் இருக்கட்டும் சார். சூடேறுனா வால்வு நீளும்ல, அதுக்கு எடம் வேணும். எடம் இல்லேன்னா சரியா மூடாது, கருகிப்போயிரும். கேட்டுக்கிட்டே ஓட்டுங்க, ஒண்ணும் செய்யாது."

வெப்பத்தால் உலோகம் விரிவடையும்... ஆண்டுதோறும் இதைக் கரும்பலகையில் எழுதி, கேள்வி கேட்டு, மதிப்பெண் போடுகிறவன் நான்! அதே உண்மையைக் கிரீஸ் படிந்த விரல்களோடு ஒருவர் சொன்னபோது என் மண்டையில் ஏன் ஏறவில்லை? மறுபடியும் வரவழைக்கத்தான் அரைகுறையாக விடுகிறாரோ என்று ஏன் தோன்றியது? யோசித்துப் பார்த்துவிட்டேன். எனக்குக் கிடைக்கிற விடை ஒன்றுதான். படித்த திமிர்.

கைப்பேசியில் நாலைந்து வீடியோ பார்த்தேன். போதாதா? ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்தில் பூசை முடிந்து வந்ததும் வாசலில் வண்டியை நிறுத்தி, மூடியைக் கழற்றி, நட்டைத் தளர்த்தினேன். சிவப்புக் கோடு இரண்டாக உடைந்தது. தகடு எதுவும் என்னிடம் இல்லை, காதுதான் அளவுகோல். கொஞ்சம் திருகுவேன், கிளப்புவேன், கேட்பேன். மறுபடி திருகுவேன். சத்தம் அடியோடு ஒழிகிற வரையில் ஓயவில்லை.

அதற்கப்புறம்தான் உடைந்த கோடு உறுத்தியது. அடுத்த சர்வீசுக்குத் திறந்தால் பாய் கண்டுபிடித்துவிடுவாரே! மனுஷர் வருத்தப்படுவாரே! அவர் மனம் நோகக் கூடாது என்றுதான் செய்தேன்... பார்த்தீர்களா, இப்போதும் சாக்குச் சொல்கிறேன்! என் முகம் கெட்டுவிடக் கூடாது என்றுதான் செய்தேன். அலமாரியில் என் மனைவி ஜெயராணியின் நகப்பூச்சு இருந்தது. ஏறக்குறைய அதே சிவப்பு. பழையதைச் சுரண்டித் துடைத்துவிட்டு, பாய் போடுகிற மாதிரியே மெல்லியதாக ஒரு கோடு போட்டேன். கை நடுங்கவே இல்லை.

"ஏங்க, ஏன் நெயில் பாலிஷ் மூடி தொறந்து கெடக்கு?" என்று மாலையில் கேட்டாள் ஜெயராணி.

"எனக்கென்ன தெரியும்?" என்றேன்.

ஐந்து வாரம் இன்ஜின் அவ்வளவு அமைதி. ஆசிரியர் அறையில் பெருமை வேறு அடித்துக்கொண்டேன். பிறகு இழுவை குறைந்தது. காலையில் உதைத்து உதைத்துக் கால் வலித்தது. ஒருநாள் நத்தம் சாலையில், நல்ல வெயிலில், புளியமரங்களுக்கு நடுவே வண்டி நின்றேவிட்டது. ஒரு லோடு ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு நேரே பட்டறைக்குப் போனேன்.

வழியெல்லாம் எனக்குத் தெரியும், காரணம் யாரென்று. தெரிந்தும், பட்டறை வாசலில் நாலு பேர் நிற்பதைப் பார்த்ததும் என் குரல்தான் முந்திக்கொண்டு உயர்ந்தது. "நீங்க செட் பண்ணி ரெண்டு மாசம்கூட ஆகல... பாருங்க பாய், உங்க வேலை லட்சணத்த!"

அவர் எழுந்து வந்தார். வண்டியைத் தள்ளி நிழலில் நிறுத்தினார். மறுநாள் காலை என்னை வைத்துக்கொண்டே திறந்தார். தகட்டை நுழைத்தார். நுழையவில்லை. அதைவிட மெல்லிய தகடு... அதுவும் நுழையவில்லை. குனிந்து கோட்டைப் பார்த்தார். துணியால் துடைத்துவிட்டு மறுபடியும் பார்த்தார்.

"சார், வேற யாரும் தொறந்தாகளா?"

சொல்லியிருக்கலாம். அந்த ஒரு நொடி எனக்கு வாய்த்தது. சிரித்து மழுப்பிக்கூடச் சொல்லியிருக்கலாம்.

"யாரும் தொடலை பாய்" என்றேன்.

"பாய்க்குக் கண்ணு மங்கிப்போச்சு டோய்!" என்று யாரோ பின்னாலிருந்து சிரித்தார்கள்.

பாய் சிரிக்கவில்லை. தன் வலது கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "கோடு ஒடையலையே... அப்ப ஏங் கைதான் தப்புப் பண்ணிருக்கு" என்றார்.

கருகிய வால்வை மாற்றிக் கொடுத்தார். அத்தோடு முடிந்துவிட்டதென்றுதான் நினைத்தேன். முடியவில்லை! அடுத்த மாதம் கண் மருத்துவரிடம் போய் வந்திருக்கிறார். "கண்ணு நல்லாத்தான் இருக்காம் சார்" என்று என்னிடமே சொன்னார். குரலில் மகிழ்ச்சி இல்லை. கண்ணில் குறையென்றால் கண்ணாடி போடலாம். கையில் குறையென்றால் என்ன செய்வார்? ஆயில் மாற்றினார், செயின் பார்த்தார், பஞ்சர் ஒட்டினார். டேப்பட் என்று யார் வந்தாலும், "வேற ஆளப் பாருங்கப்பா" என்று அனுப்பினார். சத்தத்தை வைத்தே இன்ஜினின் நோயைச் சொல்கிற மனுஷர்!

ஈஸ்டருக்கு முன் பாவசங்கீர்த்தனத்துக்குப் போனேன். "பொய் சொன்னேன், ஃபாதர்" என்றேன். என்ன பொய் என்று அவர் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. பத்து வயதுப் பிள்ளை மாதிரி மன்றாட்டுச் சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்தேன்.

அந்த வாரமே பட்டறைக்குப் போனேன், எல்லாவற்றையும் சொல்லிவிடுவதென்று. சத்தியமாகச் சொல்லத்தான் போனேன். அவர் முகத்தைப் பார்த்ததும் என் வாயிலிருந்து வந்தது வேறு. "நீங்க செட் பண்ணுங்க பாய். நான் கூட இருந்து அளந்து பாக்குறேன். ரெண்டு பேர் பாத்தாத் தப்பு வராதுல்ல?"

அவர் கண் கலங்கிவிட்டது. ஐயோ, அந்தக் கண்ணீரை நான் எங்கே கொண்டுபோய் வைப்பேன்!

அன்றிலிருந்து நான் அவருக்குச் சாட்சி. டேப்பட் வேலை வந்தால் எனக்குப் போன் வரும். பள்ளி விட்டதும் போவேன். தகட்டை நுழைத்து இழுத்துப் பார்ப்பேன். ஒருமுறைகூட, ஒரேயொரு முறைகூட, அவர் வைத்த அளவு பிசகியதில்லை. ஒவ்வொரு முறையும், "நல்லவேள, நீங்க இருக்கீக சார்" என்பார். ஒவ்வொரு முறையும் வீடு வரைக்கும் அந்தச் சொல் கூடவே வருகிறது.

போன சனிக்கிழமையும் அழைத்தார். "சார், செத்த நேரம் வந்துட்டுப் போங்க."

போனேன். அளந்தேன்.

"சரியா இருக்கா சார்?"

"கச்சிதமா இருக்கு பாய்."

நகப்பூச்சுப் புட்டியை எடுத்தார். மூடியைத் திறந்தவர், என்ன நினைத்தாரோ, என்னிடம் நீட்டினார். "இனிமே கோட்டையும் நீங்களே போட்டுருங்க சார். நீங்க போட்டா எனக்கு மனசு நிம்மதி."

இப்போதாவது சொல்லடா என்று உள்ளே ஒரு குரல் அலறியது. புட்டியை வாங்கிக்கொண்டேன். குனிந்து, நட்டுக்கும் திருகாணிக்கும் குறுக்கே மெல்லியதாக ஒரு கோடு போட்டேன். அப்போதும் கை நடுங்கவில்லை.

பாய் எட்டிப் பார்த்தார். அவர் முகம் மலர்ந்துவிட்டது.

"மாஷா அல்லாஹ்! நான் போடுற மாதிரியே இருக்கே சார்... எப்பக் கத்துக்கிட்டீக?"

"பாத்துப் பாத்துத்தான் பாய்" என்றேன்.