பார்க்காமல் போட்ட பாட்

சாஃப்ட்வேர் வேலையை விட்டுவிட்டு போக்கர் ஆடிப் பிழைப்பவன் நான். மண்டி மொஹல்லா கடைத்தெருவில், ஒரு கடை மாடி கிளப்பில் அன்று இறுதி ஆட்டம். ஜெயித்தால் கோவா போட்டிக்கு சீட். தோற்றால்? "திங்கட்கிழமை ஆபீஸ் போயிடுங்க" என்று என் மனைவி சட்டையை இஸ்திரி போட்டே வைத்துவிட்டாள்.

மிஞ்சியது இரண்டு பேர். நானும், ரங்கநாயகி மாமியும். ரம்மியில் பழம் தின்று கொட்டை போட்டவர், ஓமஹா என்ற போக்கர் வகைக்குப் புதுசு.

1. மாமியின் பாட்

ஓமஹாவில் ஆளுக்குக் கையில் நாலு கார்டு, எல்லோருக்கும் பொதுவாய் நடுப் போர்டில் ஐந்து. கையிலிருந்து இரண்டு, போர்டிலிருந்து மூன்று எடுத்துத்தான் சேர்க்க வேண்டும். நடுவில் சேர்ந்திருக்கும் பந்தயத் தொகைதான் 'பாட்'; அதற்கு மேல் பெட் போட முடியாது, அவ்வளவையும் போட்டால் "பாட்" என்று சொல்ல வேண்டும். போர்டில் நாலு ஹார்ட்ஸ். என்னிடம் ஹார்ட்ஸ் ராஜாவும் இன்னொரு ஹார்ட்ஸும்; ஐந்தும் ஒரே ஜாதி, அதாவது ஃப்ளஷ். ஏஸ் ஃப்ளஷ் ஒன்றுக்குத்தான் பயப்பட வேண்டும்.

அதுவரை சின்னச் சின்னதாய்ப் போட்ட மாமி, "பாட்!" என்றார். சில்லுகளை இரண்டு கையாலும் நடுவில் தள்ளினார். சத்தியமாய் ஏஸ் ஃப்ளஷ்தான் என்று கார்டைக் கவிழ்த்துப் போட்டு ஒதுங்கிவிட்டேன்.

மாமி பெருமையாய்த் திருப்பிக் காட்டினார். ஹார்ட்ஸ் ஏஸ் ஒன்று; மற்ற மூன்றும் கறுப்பு!

"மேடம், கையிலேர்ந்து ரெண்டு ஹார்ட்ஸ் வேணும்ரீ. இது ஃப்ளஷ்ஷே இல்ல" என்றான் டீலர் மஞ்சு.

"அய்யோ பெருமாளே! அப்போ நேக்கு ஒண்ணுமே இல்லையா?"

கிளப்பே விழுந்து விழுந்து சிரித்தது. நானும்தான். எத்தனையோ கில்லாடிகளின் முகத்தைப் படித்தவன், பொய் சொல்கிறோம் என்றே தெரியாத ஒருவரிடம் ஏமாந்தேன்.

2. என் பாட்

அடுத்த சுற்றில் எனக்குக் கிறுக்குப் பிடித்தது. கார்டைப் பார்ப்பதுபோல் மூலையைத் தூக்கி, என் கட்டைவிரல் நகத்தை மட்டும் பார்த்தேன். எனக்கே தெரியாததை என் முகம் எப்படிக் காட்டிக் கொடுக்கும்?

போர்டில் முதல் மூன்று கார்டு விழுந்ததும் பாட். நாலாவதுக்கும் பாட். மாமி விடாமல் கூடவே வந்தார். ஐந்தாவது விழுந்தபோது போர்டில் மூன்று ஹார்ட்ஸ். சிரிப்பை அடக்க முடியாமல் மறுபடி "பாட்!" என்றேன்.

மாமி விரல் விட்டு எண்ணினார். "இந்தத் தடவை நேக்கு ரெண்டு ஹார்ட்ஸும் சரியா இருக்கு, ராணியோட. ஆனா நீங்க சிரிச்சுண்டே போடறேளே... ஏஸ் உங்ககிட்டதான்!" கார்டைப் போட்டுவிட்டார். "என்னன்னு காட்டுங்கோளேன்!"

நான் கவிழ்த்தபடியே தள்ளினேன். மஞ்சு அதைக் கட்டோடு கலந்துவிட்டான். மாமியிடம் மிஞ்சிய சில்லுகள் சீக்கிரமே என் பக்கம் வந்தன.

"சார், நெஜமா என்ன வெச்சிருந்தீங்க?" என்றான் மஞ்சு.

"மாமிக்குத் தெரிஞ்ச அளவுதாண்டா எனக்கும் தெரியும்."

புதிதாய் ஆட வருபவர்களுக்குச் சொல்கிறேன்: நல்ல கார்டுக்கு எவ்வளவு போடுவீர்களோ, ஒன்றுமில்லாமல் மிரட்டும் பிளஃபுக்கும் அதே அளவுதான். ஆனால் கார்டைப் பார்த்து ஆடுங்கள். அந்தத் தைரியம் எனக்கே மறுபடி வரவில்லை.

திங்கட்கிழமை அந்த இஸ்திரிச் சட்டையைத்தான் போட்டுக்கொண்டேன். கோவா பஸ்ஸில் அது கசங்கிப்போனது.