கடக்காத கடலுக்கு ஒரு பரிகாரம்

நெய்யாற்றின்கரை மராமத்துக் கச்சேரியில் காந்திமதிநாத பிள்ளை குமாஸ்தாவாக இருந்த காலம் முழுக்க, எஸ்டிமேட் விஷயத்தில் திருவிதாங்கூர் சர்க்காருக்கு ஒரு குறையும் வரவில்லை என்பதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். பாலமோ கலுங்கோ, அவர் கைபடாமல் எதுவும் மேலே போகாது. மேலே போனது திரும்பி வரும். வந்ததைத் திருத்துவார். பூவாற்றில் படகுத்துறை கட்ட அவர் போட்ட எஸ்டிமேட், திருத்தமெல்லாம் தீர்ந்து உத்தரவாகி வந்தபோது, ஆறு கடலில் சேரும் பொழி வேறிடத்தில் முறிந்து, ஆறு துறையைவிட்டு விலகிப் போயிருந்தது. ஆற்றுக்குப் பொறுமை இல்லாததற்குப் பிள்ளை என்ன செய்வார்?

இப்படிப்பட்டவருடைய மனைவி சண்முகவடிவுக்கு ஓர் ஓணம் கழிந்த கையோடு கண் மங்கத் தொடங்கியது. கண்ணுக்குள் நரம்பு வற்றுகிறது என்றார் பாறசாலை வைத்தியர். திருவனந்தபுரத்து டாக்டர் அதையே இங்கிலீஷில் சொல்லி, அடுத்த ஓணம் வரைக்கும் பார்வை நிற்கலாம், அதற்கு மேல் தம்மைக் கேட்க வேண்டாம் என்று கையை விரித்தார்.

திரும்பி வந்த மறுநாள், சோறு விளம்பிக்கொண்டே சண்முகவடிவு கேட்டாள்.

"நான் உங்ககிட்ட இதுவர ஒண்ணும் கேட்டதில்ல. கண்ணு இருக்கும்பமே என்னக் கொழும்புக்கு ஒருக்கா கூட்டிட்டுப் போவியளா?"

"கொழும்புக்கா? அங்க நமக்கு என்ன சோலி?"

"ஒரு சோலியும் இல்ல. சும்மா பாக்கத்தான். அங்க தெருவுல ஒரு வண்டி ஓடுதாம். காளையும் இல்லியாம், பொகையும் இல்லியாம். மேல ஒரு கம்பியத் தொட்டுக்கிட்டு அதுவாட்டு ஓடுதாம். அதுல ஏறி இருந்து, கடலப் பாத்துக்கிட்டு ஒரு சுத்து சுத்தணும்."

கொழும்புக்குப் பிழைக்கப் போவார்கள், கடை வைக்கப் போவார்கள், கடன்காரனுக்குப் பயந்தும் போவார்கள். சும்மா பார்க்கப் போகிற வழக்கம் அன்றைக்கு வெள்ளைக்காரனுக்கு மட்டுமே உண்டு. ஆனாலும் பிள்ளை மறுக்கவில்லை. அந்தப் புண்ணியத்தை அவர் கணக்கில் எழுதத்தான் வேண்டும். கை கழுவிவிட்டு வந்து சொன்னார்:

"எஸ்டிமேட் போட்டிருவோம், வடிவு."

போட்டார். திருநெல்வேலி வரைக்கும் வில்வண்டி, தூத்துக்குடிக்கு ரயில், அங்கிருந்து கப்பல். விலைவாசி விசாரிக்க, கொழும்புக்குக் கயிறு அனுப்பும் பொழியூர் ராஜதாஸைக் கூப்பிட்டனுப்பினார்.

"ஏமானே, அது நம்ம ஊரு மாதிரி இல்ல கேட்டியளா," என்றான் ராஜதாஸ். "எளநிக்கும் துட்டு. வெத்தலைக்கு ஒரு தொட்டு சுண்ணாம்பு கேட்டா அதுக்கும் துட்டு. மூச்சு மட்டும் இப்பம் சும்மா விட விடுகானுவ. நீங்க போய் எறங்கியதுக்குள்ள அதுக்கும் என்னமாம் போட்டிருவானுவ."

ராஜதாஸ் சிரித்தான். பிள்ளை சிரிக்கவில்லை. எதிர்பாராச் செலவை இரட்டிப்பாக்கினார்.

சைவச் சாப்பாடு நம்பிக்கையாகக் கிடைக்காது என்பதால் அரிசி பருப்பு கொண்டுபோக வேண்டும் என்றானது. கொண்டுபோனால் பொங்க ஆள் வேண்டும். ஆளுக்குக் கப்பல் டிக்கெட் வேண்டும். சமையல்காரனும் தாமும் ஒரே வகுப்பில் போனால் கௌரவம் என்ன ஆவது? ஆகவே தமக்கும் மனைவிக்கும் மேல்வகுப்பு. தொகையைக் கூட்டிப் பார்த்தபோது அவருக்கே மூச்சு வாங்கியது. மூச்சுக்குத் துட்டு கேட்காத ஊரில் இருந்ததால் தப்பித்தார். பிறகு சமையல்காரனை நீக்கினார். மேல்வகுப்பு போயிற்று. ஓட்டல் போய்ச் சத்திரம் வந்தது. இப்படி ஏற்றியும் இறக்கியும் மாசி பிறந்துவிட்டது. சண்முகவடிவு அரிசியில் கல்லைக் கண்ணால் பொறுக்குவதை விட்டு விரலால் தடவிப் பொறுக்கப் பழகியிருந்தாள்.

"இன்னும் தீரல்லியா?" என்று கேட்டாள்.

"அந்த டிராம் வண்டிக்குக் கூலி எவ்வளவுண்ணு ரெண்டு பேரு ரெண்டு விதமா சொல்லுதானுவ. அது மட்டும் ஒத்து வந்தா முடிஞ்சுது."

அது ஒத்து வந்த அன்றைக்கு, சண்முகவடிவின் அண்ணன் சிவானந்தம் பிள்ளை படியேறி வந்தார்.

"மாப்பிளே, கடல் தாண்டிட்டு வந்தா பரிகாரம் கழிக்கணும், தெரியும்லா? இல்லேண்ணா ஒருத்தன் உம்ம வீட்டுல பச்சத் தண்ணி குடிக்க மாட்டான். நானும் குடிக்க மாட்டேன். தங்கச்சி வீடாச்சேண்ணு மனசு கெடந்து அடிக்கும். எண்ணாலும் குடிக்க மாட்டேன்."

கோயிலில் பூசை செய்யும் போற்றியிடம் போய் விசாரித்தார்கள். போற்றிக்கும் மேலான தந்திரி வர வேண்டும், ஹோமம் வேண்டும், தட்சிணை வேண்டும், சுற்றத்தார் எல்லாருக்கும் இலை போட்டுச் சத்தி விருந்து வைக்க வேண்டும். வண்டி, ரயில், கப்பல், சத்திரம் எல்லாவற்றையும் சேர்த்தாலும் அந்தத் தொகைக்கு எட்டவில்லை. கடலைக் கடப்பதைவிடக் கடந்ததைக் கழுவுவதற்குத்தான் செலவு அதிகம். பிள்ளையின் முகத்தைப் பார்த்துப் போற்றி இரங்கினார்.

"பிள்ளே, ஒரு உபாயம் உண்டு. பங்குனியில கோயில்ல கலச பூசை. தந்திரி எப்படியும் வருவாரு. ஹோமகுண்டமும் தயாரு. அதோட சேர்த்து இப்பமே கழிச்சா பாதிச் செலவாக்கும்."

"போறதுக்கு முன்னயா?"

"தோஷம் எப்படியும் வரப்போவுது. முன்ன கழிச்சா என்ன, பின்ன கழிச்சா என்ன?"

எந்தச் செலவினமும் பாதியாகக் குறைந்து பிள்ளை தம் உத்தியோகத்தில் கண்டதில்லை. உடனே சம்மதித்தார்.

பங்குனியில் கணவனும் மனைவியும் குளத்தில் முங்கி எழுந்து, கடல் கடந்த தோஷம் நீங்குவதாகச் சங்கல்பம் சொல்லி, பஞ்சகவ்யம் குடித்தார்கள். அதற்குப்பின் சத்தி. சிவானந்தம் பிள்ளை பருப்புப் பாயசத்தை மூன்றாம் தரம் வாங்கி, இலையை வழித்துவிட்டு, "மாப்பிளே, கொழும்பு நல்லா இருக்கு" என்றார். பந்தி முழுக்கச் சிரித்தது.

கையில் மிச்சம் இருந்தது கப்பலின் திறந்த மேல்தட்டில் உட்கார்ந்து போகத்தான் காணும். பிள்ளை லீவுக்கு எழுதினார். தலைமைக் குமாஸ்தா கூப்பிட்டார்.

"ஒரு தரம் லீவு இல்லாமலே போயிட்டு வந்தாச்சே. இனியும் எதுக்கு லீவு?"

"நான் இன்னும் போகல்ல, ஏமானே."

"பின்ன எதுக்குப் பரிகாரம்?"

இதற்குச் சர்க்கார் சட்டத்தில் விடை இல்லை. காரணம் விளக்கிச் சமாதானம் எழுதித் தரச் சொன்னார்கள். எழுதினார். மேலே போயிற்று. திரும்பி வந்தது. திருத்தினார். அது எங்கெங்கே எத்தனை நாள் கிடக்கும் என்பது அவருக்குத் தெரிந்த அளவுக்கு அந்தக் கச்சேரியில் வேறு யாருக்கும் தெரியாது. அதனால் யாரையும் கோபித்துக்கொள்ளவும் அவருக்கு வழியில்லை. லீவை விட்டுவிட்டுச் சொல்லாமல் போய்விடலாம் என்று ஒரு நாள் தோன்றியது. அப்படிப் போனால் உத்தியோகம் போகும், திரும்பி வந்தால் இன்னொரு பரிகாரம், அதுவும் முழுச் செலவில். அதற்கும் மனத்துக்குள் ஒரு எஸ்டிமேட் போட்டுப் பார்த்து விட்டுவிட்டார்.

ஓணத்தன்று சண்முகவடிவு சோறு விளம்பினாள். சோறு இலைக்கு வெளியே விழுந்தது. பிள்ளை அடுத்த கை விழப்போகும் இடத்துக்கு இலையை நகர்த்திக்கொண்டார்.

லீவு உத்தரவானது அதற்குப் பிறகுதான்.

"கடல் தாண்டினா சும்மா விடுமா? கண்ணக் கொண்டுட்டுப் போச்சு பாத்தியா" என்று ஊரில் பேச்சு எழுந்தது. பந்தியில் இருந்து உண்டவர்களே பேசினார்கள். பிள்ளைக்கு முதல் தடவையாகக் கோபம் வந்தது. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தெருவுக்குப் புறப்பட்டவரைச் சண்முகவடிவு குரலைக் கொண்டே நிறுத்தினாள்.

"எங்க போறிய?"

"நாம கொழும்ப எட்டிக்கூடப் பாக்கல்லேண்ணு நாலு பேருகிட்ட சொல்லிட்டு வாறேன்."

"வேண்டாம். போகாம கண்ணு போச்சுண்ணு சொல்லுததுக்கு, போயிப் போச்சுண்ணு சொன்னா ஒரு மரியாதை உண்டும்லா."

பிள்ளை திரும்பி வந்து அவள் பக்கத்தில் உட்கார்ந்தார். அவள் கேட்டாள்.

"குளத்துக்குப் போனா பொண்ணுவ கேக்குதாளுவ, அந்த வண்டி எப்படி இருந்துதுண்ணு. நான் என்னமாம் சொல்லாண்டாமா? அது என்ன நிறமாக்கும்?"

அந்த வண்டிக்குக் கூலி எவ்வளவு, மூட்டைக்குத் தனியாக உண்டா, எந்த முக்கில் நிற்கும், எந்த முக்கில் திரும்பும் எல்லாம் பிள்ளைக்கு மனப்பாடம். நிறத்தை அவர் யாரிடமும் கேட்டிருக்கவில்லை.

"பச்சை," என்றார்.

"என்ன பச்சை? இளம் நாத்துப் பச்சையா, வாழையெலப் பச்சையா?"

சண்முகவடிவு முகத்தை அவர் பக்கம் திருப்பி வைத்துக் காத்துக்கொண்டிருந்தாள்.